உலகப் போர் ஏன் மூண்டது?

சென்னைக்கு வந்த கப்பல்

“அவன் சரியான எம்டன்!”

துணிச்சலான ஆளை, தந்திரக்காரனை இப்படிச் சொல்வது உண்டு. பெரியவர்கள் பேசும்போது இந்தச் சொல்லை நீங்களும் கேட்டிருக்கலாம். எம்டன் என்பது தமிழ்ச் சொல் அல்ல. அது ஒரு கப்பலின் பெயர். ஜெர்மனி நாட்டுப் போர்க்கப்பல் அது.

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி இரவு. அந்தக் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தின் அருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. சிலர் இறந்தார்கள். கப்பல் திரும்பி இருட்டில் மறைந்துவிட்டது. மக்கள் பயந்துபோனார்கள். ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் நகரத்தை விட்டுக் கிளம்பினார்கள்.

சென்னை மக்களுக்கும் ஜெர்மனிக்கும் என்ன பகை? ஒரு பகையும் இல்லை. பிறகு ஏன் குண்டு விழுந்தது?

அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1914 முதல் 1918 வரை நடந்த அந்தப் போரை முதல் உலகப் போர் என்கிறோம். அது ஐரோப்பாவில் தொடங்கியது. அங்கே தொடங்கிய சண்டை இங்கே எப்படி வந்தது? அந்தப் போர் ஏன் மூண்டது? தெரிந்துகொள்வோம்.

சரயேவோவில் நடந்த கொலை

ஐரோப்பாவின் நடுவில் அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி என்ற பெரிய பேரரசு இருந்தது. பல மொழிகள் பேசும் மக்கள் அதில் வாழ்ந்தார்கள். அதன் தெற்கு எல்லையில் செர்பியா என்ற சிறிய நாடு இருந்தது. செர்பியாவை ஒட்டி போஸ்னியா என்ற பகுதி இருந்தது. 1908-இல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டது. போஸ்னியாவில் வாழ்ந்த செர்பிய இளைஞர்கள் பலருக்கு இதனால் கோபம். அவர்கள் ஆஸ்திரியாவின் ஆட்சியை வெறுத்தார்கள்.

1914 ஜூன் மாதம் ஆஸ்திரியாவின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் போஸ்னியாவுக்கு வந்தார். அவருடைய மனைவி சோஃபியும் கூட வந்தார். ஜூன் 28 அன்று சரயேவோ என்ற நகரில் இருவரும் காரில் போனார்கள். வழியில் ஓர் இளைஞன் வெடிகுண்டு வீசினான். குறி தப்பிவிட்டது. இளவரசர் பிழைத்தார். பின்னால் வந்த சிலருக்குக் காயம்.

காயம் பட்டவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகலாம் என்று இளவரசர் கிளம்பினார். கார் ஓட்டியவர் தெரு மாறிப் போய்விட்டார். தவறு தெரிந்ததும் காரை நிறுத்தினார். அந்த இடத்தில் கவ்ரிலோ பிரின்சிப் என்ற இளைஞன் நின்றிருந்தான். அவனுக்கு வயது 19. அவன் இரண்டு முறை சுட்டான். இளவரசரும் மனைவியும் இறந்தார்கள்.

சுட்டவன் உடனே பிடிபட்டான். அவனுடைய கூட்டாளிகள் பலரும் பிடிபட்டார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதங்கள் செர்பியாவிலிருந்து வந்தவை.

இது பெரிய குற்றம்தான். ஆனால் ஒரு நகரில் நடந்த கொலைக்காக உலகமே ஏன் சண்டைக்குப் போனது?

காய்ந்த வைக்கோலில் தீப்பொறி விழுந்தால் பற்றி எரியும். பச்சைப் புல்லில் விழுந்தால் அணைந்துபோகும். ஐரோப்பா அன்று காய்ந்த வைக்கோலாக இருந்தது. அதைக் காய வைத்த காரணங்கள் பல. அவற்றில் முக்கியமானவை மூன்று.

முதல் காரணம்: நாடு பிடிக்கும் போட்டி

பலமுள்ள ஒரு நாடு மற்ற நாடுகளைப் பிடிக்கிறது. அந்த மக்களை ஆள்கிறது. அங்குள்ள செல்வத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோகிறது. இதற்கு ஏகாதிபத்தியம் என்று பெயர். இப்படிப் பிடிபட்ட நாட்டைக் காலனி என்பார்கள். அடிமை நாடு என்றும் சொல்லலாம்.

ஏகாதிபத்தியம் எப்படி வேலை செய்யும் என்பது நம் நாட்டுக்கு நன்றாகத் தெரியும். இங்கே விளைந்த பஞ்சு கப்பலில் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே ஆலைகளில் நெய்த துணி இங்கே விற்பனைக்கு வந்தது. நம் நெசவாளர் பலர் தறியை இழந்தார்கள். லாபம் இங்கிலாந்து முதலாளிகளுக்குப் போனது.

ஐரோப்பாவில் ஆலைகள் பெருகின. ஆலைக்குப் பஞ்சு வேண்டும், ரப்பர் வேண்டும், எண்ணெய் வேண்டும், தாதுப் பொருட்கள் வேண்டும். செய்த பொருளை விற்கச் சந்தையும் வேண்டும். அதனால் ஐரோப்பிய நாடுகள் நாடு பிடிக்கப் போட்டி போட்டன.

1884-இல் ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில் ஒரு மாநாடு தொடங்கியது. 14 நாடுகளின் தூதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆப்பிரிக்காவில் நிலம் பிடிப்பதற்கு விதிமுறைகளைப் பேசினார்கள். அந்த மேசையில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்காரரைக் கேட்காமல் வீட்டைப் பங்கு போட்டது போல இது நடந்தது. 1914-இல் ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டுமே ஐரோப்பியர் கையில் சிக்காமல் இருந்தன.

இதில் மிக அதிகமாகப் பிடித்தது பிரிட்டன். இங்கிலாந்தை உள்ளடக்கிய நாடுதான் பிரிட்டன். உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதன் ஆட்சியில் இருந்தார்கள். இந்தியாவும் அதில் அடக்கம். பிரான்ஸும் நிறைய இடங்களைப் பிடித்திருந்தது.

ஜெர்மனி 1871-இல்தான் ஒரே நாடாக ஆனது. ஆலைகளில் வேகமாக முன்னேறியது. ஆனால் பந்திக்குப் பிந்தி வந்தவன் நிலைமை அதற்கு. நல்ல இடங்களை மற்றவர்கள் முன்பே பிடித்துவிட்டார்கள். தனக்கும் பங்கு வேண்டும் என்று ஜெர்மனி முட்டி மோதியது.

மொரோக்கோ நாட்டின் கதையைப் பாருங்கள். அது வட ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 1904-இல் பிரிட்டனும் பிரான்ஸும் ஓர் உடன்பாடு செய்தன. எகிப்தில் பிரிட்டன் ஆதிக்கம் செலுத்தலாம், மொரோக்கோவில் பிரான்ஸ் ஆதிக்கம் செலுத்தலாம் என்று பேசி முடித்தன. ஜெர்மனி எதிர்த்தது. 1905-லும் 1911-லும் போர் வந்துவிடுமோ என்ற நிலை ஏற்பட்டது. 1911-இல் ஜெர்மனி ஒரு போர்க்கப்பலையே மொரோக்கோவுக்கு அனுப்பியது. கடைசியில் பிரான்ஸ் தன் காங்கோ பகுதியில் கொஞ்சம் நிலத்தை ஜெர்மனிக்குக் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டு ஜெர்மனி விலகியது. மொரோக்கோ மக்களை யாரும் கேட்கவில்லை. காங்கோ மக்களையும் கேட்கவில்லை.

போர் தள்ளிப்போனது. ஆனால் பகை வளர்ந்தது.

இரண்டாம் காரணம்: கூட்டணிகள்

தேர்தல் நேரத்தில் கூட்டணி என்ற சொல்லைக் கேட்கிறோம். நாடுகளும் கூட்டணி வைக்கும். “உன்னை யாராவது தாக்கினால் நான் உன் பக்கம் சண்டைக்கு வருவேன். என்னைத் தாக்கினால் நீ வர வேண்டும்.” இதுதான் போர்க் கூட்டணி.

1879-இல் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கூட்டுச் சேர்ந்தன. 1882-இல் இத்தாலியும் சேர்ந்தது. இது ஓர் அணி.

பிரான்ஸ் இதைப் பார்த்துப் பயந்தது. 1870-71-இல் நடந்த போரில் அது ஜெர்மனியிடம் தோற்று நிலத்தை இழந்திருந்தது. அதனால் 1894-இல் ரஷ்யாவுடன் கூட்டுச் சேர்ந்தது. பிறகு 1904-இல் பிரிட்டன் பிரான்ஸோடு நெருங்கியது. 1907-இல் ரஷ்யாவோடும் உடன்பாடு செய்தது. அந்த உடன்பாட்டில் ஈரான் நாட்டைத் தங்கள் செல்வாக்குப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டார்கள். ஈரான் மக்களையும் யாரும் கேட்கவில்லை. இப்படி இன்னோர் அணி உருவானது.

கூட்டணி இருந்தால் எதிரி பயப்படுவான், போர் வராது என்று ஆட்சியாளர்கள் நினைத்தார்கள். நடந்தது வேறு.

இரண்டு பேருக்கு வரப்புத் தகராறு. இருவர் மட்டும் என்றால் ஊர்ப் பெரியவர் பேசித் தீர்த்துவிடலாம். ஆனால் ஒருவனுக்குப் பின்னால் பத்துப் பேர் கம்போடு நிற்கிறார்கள். மற்றவனுக்குப் பின்னாலும் பத்துப் பேர் நிற்கிறார்கள். இருவருக்குமே தைரியம் கூடிவிடும். யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஐரோப்பாவில் இதுதான் நடந்தது. இந்த உடன்பாடுகளில் பலவற்றை மக்களுக்குத் தெரியாமல் இரகசியமாகவும் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் காரணம்: ஆயுதக் குவிப்பு

பிரிட்டன் 1906-இல் ஒரு புது வகைப் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. அதன் பெயர் டிரெட்நாட். அது போன்ற கப்பல்களை ஜெர்மனியும் கட்டத் தொடங்கியது. இவர்கள் ஒன்று கட்டினால் அவர்களும் ஒன்று கட்டினார்கள். நிலத்திலும் படைகள் பெருகின. மக்கள் கட்டிய வரிப்பணம் பீரங்கிகளுக்கும் கப்பல்களுக்கும் போனது.

தளபதிகள் போருக்கு முன்பே திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். எந்த ரயிலில் எந்தப் படை போக வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருந்தார்கள். ஜெர்மனியின் திட்டம் இதுதான். முதலில் பெல்ஜியம் வழியாகப் போய்ப் பிரான்ஸை வேகமாகத் தோற்கடிக்க வேண்டும். பிறகு ரஷ்யாவைத் தாக்க வேண்டும். அதனால் போர் என்று வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று தளபதிகள் அவசரப்படுத்தினார்கள். பேசித் தீர்க்க நேரமே இல்லாமல் போனது.

முப்பத்தேழு நாட்கள்

இளவரசர் இறந்தது ஜூன் 28. அதிலிருந்து 37 நாட்களில் ஐரோப்பாவின் பெரிய நாடுகள் போரில் இறங்கிவிட்டன.

ஜூலை 5: ஆஸ்திரியா எது செய்தாலும் துணை நிற்பதாக ஜெர்மனி வாக்குக் கொடுத்தது.

ஜூலை 23: ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கடுமையான எச்சரிக்கை அனுப்பியது. 48 மணி நேரம் கெடு வைத்தது. செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றது. அது போதாது என்றது ஆஸ்திரியா.

ஜூலை 28: ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது.

ஜூலை 30: செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா தன் முழுப் படையையும் திரட்ட உத்தரவிட்டது.

ஆகஸ்ட் 1: ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது.

ஆகஸ்ட் 3: ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் அறிவித்தது.

ஆகஸ்ட் 4: ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியம் எந்த அணியிலும் சேராத நாடு. அதைக் காப்பதாக 1839-லேயே உறுதி கொடுத்த நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. அன்றே பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. ஜெர்மனியின் பேரரசர் வில்ஹெல்ம், பிரிட்டன் அரசர் ஜார்ஜுக்கு அத்தை மகன். ரஷ்யாவின் பேரரசர் நிக்கோலஸ் அதே ஜார்ஜுக்குச் சின்னம்மா மகன். மூவரும் உறவினர்கள். வில்ஹெல்மும் நிக்கோலஸும் கடைசி நேரம்வரை ஒருவருக்கொருவர் தந்தி அனுப்பினார்கள். போரைத் தடுக்கும்படி மாறி மாறிக் கேட்டார்கள். ஆனால் திரட்டிய படையை நிறுத்த இருவருமே துணியவில்லை.

இத்தாலி என்ன செய்தது? தன் கூட்டாளிகளான ஜெர்மனி, ஆஸ்திரியாவுடன் அது சேரவில்லை. 1915-இல் எதிரணி நிலம் தருவதாக இரகசியமாக வாக்களித்தது. இத்தாலி அந்தப் பக்கம் போய்விட்டது. கூட்டணியிலும் கடைசியில் நிலம்தான் பேசியது.

பிறகு ஜப்பான், துருக்கி, அமெரிக்கா என்று ஒவ்வொரு நாடாகப் போருக்குள் வந்தது.

இந்தியரைக் கேட்டார்களா?

பிரிட்டன் போர் அறிவித்தது. இந்தியாவும் போரில் இருப்பதாக இங்கே ஆண்ட ஆங்கிலேய வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அறிவித்துவிட்டார். இந்திய மக்களை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எம்டன் சென்னையைத் தாக்கியது. அன்று சென்னை பிரிட்டனின் துறைமுகம்.

நம் நாட்டிலிருந்து 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் தாண்டிப் போனார்கள். போர்வீரர்களும் போனார்கள். சுமை தூக்குவோர், சமைப்போர், குதிரை பராமரிப்போர் போன்ற தொழிலாளிகளும் போனார்கள். பெரும்பாலோர் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பிரான்ஸின் குளிரிலும் ஈராக்கின் வெயிலிலும் அவர்கள் சண்டை போட்டார்கள். ஏறத்தாழ 74,000 பேர் ஊர் திரும்பவே இல்லை.

அந்த வீரர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குக் கடிதம் வேண்டும் என்றால் எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுத வைத்தார்கள். அந்தக் கடிதத்தை ஆங்கில அதிகாரிகள் படித்துப் பார்த்தார்கள். அதன் பிறகே அது ஊருக்குப் போனது. மனைவிக்குச் சொல்லும் சொல்லைக்கூட இரண்டு பேர் முன்னால் சொல்ல வேண்டிய நிலை.

தாங்கா என்ற ஊரில் நடந்ததையும் கேளுங்கள். அது கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் துறைமுகம். இன்றைய தான்சானியா நாட்டில் உள்ளது. அன்று அது ஜெர்மனியின் காலனி. 1914 நவம்பரில் அதைப் பிடிக்க பிரிட்டன் கப்பல்களில் படை அனுப்பியது. அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியர். பாளையங்கோட்டையின் பெயர் கொண்ட ஒரு படைப்பிரிவும் அதில் இருந்தது. எதிர்ப்பக்கம் ஜெர்மன் அதிகாரிகளின் கீழ் நின்ற வீரர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். இந்தியர் ஆப்பிரிக்கரைச் சுட்டார்கள். ஆப்பிரிக்கர் இந்தியரைச் சுட்டார்கள். அந்த மண் இவர்களில் யாருக்கும் கிடைக்கப் போவதில்லை. அதை ஆளப்போவது ஜெர்மனியா, பிரிட்டனா என்பதற்காக அடிமை நாட்டு மக்கள் இரு பக்கமும் செத்தார்கள்.

ஆள் மட்டும் போகவில்லை. தானியம் போனது. பணமும் போனது. 1917-இல் இந்திய அரசு 10 கோடி பவுன் பணத்தைப் பிரிட்டனுக்குப் போர்ச் செலவுக்காகக் கொடுத்தது. அதன் சுமை இந்திய மக்கள் மீது விழுந்தது. இங்கே விலைவாசி ஏறியது. ஏழைகள் தவித்தார்கள்.

போரில் உதவினால் சுயாட்சி கிடைக்கும் என்று இந்தியத் தலைவர்கள் பலர் நம்பினார்கள். காந்தியடிகளும் படைக்கு ஆள் சேர்க்க உதவினார். ஆனால் 1919-இல் கிடைத்தது ரௌலட் சட்டம். விசாரணை இல்லாமலே ஆட்களைச் சிறையில் அடைக்க அது வழி செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 13-இல் அமிர்தசரஸ் நகரின் ஜாலியன்வாலா பாக்கில் கூடிய மக்களை ஆங்கிலேயரின் படை சுட்டுக் கொன்றது.

போர் முடிந்த பிறகு

1918 நவம்பர் 11 அன்று சண்டை நின்றது. உலகம் முழுவதும் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருந்தார்கள். பொதுமக்களும் பல லட்சம் பேர் இறந்தார்கள்.

ஜெர்மனி தோற்றது. அதன் காலனிகளை வென்ற நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. தாங்கா இருந்த பகுதி பெரும்பாலும் பிரிட்டன் கைக்குப் போனது. எசமானர் மாறினார், அடிமைத்தனம் மாறவில்லை. ஜெர்மனி மீது பெரிய அபராதமும் சுமத்தினார்கள். அந்தக் கோபத்தை ஹிட்லர் பயன்படுத்திக்கொண்டார். 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அப்போதும் ஆங்கிலேய வைஸ்ராய் இந்தியரைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் சேர்த்தார். இதை எதிர்த்துப் பல மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சர்கள் பதவி விலகினார்கள். இந்த முறை மக்கள் சும்மா இருக்கவில்லை. 1947-இல் நாடு விடுதலை பெற்றது.

முதல் உலகப் போரில் யார் குற்றம் அதிகம் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. புயல் வருவது போல அந்தப் போர் தானாக வரவில்லை. ஒவ்வொரு படியிலும் சில மனிதர்கள் முடிவு எடுத்தார்கள். முடிவு எடுத்தவர்கள் சிலர். செத்தவர்கள் பல லட்சம் பேர். செத்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டெல்லியில் இந்தியா கேட் என்ற பெரிய வளைவு இருக்கிறது. 1931-இல் திறக்கப்பட்டது. அந்தப் போரிலும் அதை ஒட்டி நடந்த போரிலும் இறந்த வீரர்களின் நினைவாகக் கட்டியது. அதன் கற்களில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவர்களில் பலர் தங்கள் பெயரைத் தாங்களே எழுதத் தெரியாதவர்கள். டெல்லிக்குப் போனால் நின்று சில பெயர்களையாவது படியுங்கள்.

இன்று நம்மைக் கேட்காமல் முடிவு செய்ய வெளிநாட்டு வைஸ்ராய் இல்லை. நம் வாக்குதான் அரசை அமைக்கிறது. வேறு நாட்டோடு சண்டை என்ற பேச்சு வரும்போது செய்தித்தாளைப் படியுங்கள். யாருக்காக, எதற்காக, யார் பிள்ளை போவான் என்று கேளுங்கள். 1914-இல் நம் முன்னோருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க இடம் இல்லை. நமக்கு இருக்கிறது.

கூடிப் பேசுங்கள்

1. எம்டன் கப்பல் சென்னையை ஏன் தாக்கியது?

2. ஏகாதிபத்தியம் என்றால் என்ன? உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள்.

3. கூட்டணிகள் போரைத் தடுக்கவில்லை. ஏன்?

4. உங்கள் ஊரில் ஒரு தகராறு பேச்சு வார்த்தையில் தீர்ந்தது உண்டா? அது எப்படித் தீர்ந்தது?

5. உங்கள் பகுதியிலிருந்து யாராவது உலகப் போருக்குப் போனார்களா? ஊரில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.